பார்வையில்லாத மகள் வானியல் படிக்க ஆசைப்படுகிறாள், விடலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் குறைமாதத்தில் பிறந்தவள், பல வாரங்கள் இன்குபேட்டரில் இருந்தாள், விழித்திரை பாதிக்கப்பட்டு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. இப்போது பத்தாம் வகுப்பு. பள்ளியில் கோளரங்கத்துக்கு அழைத்துப்போய் வந்த நாளிலிருந்து வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கண் தெரியாதவளுக்கு நட்சத்திரம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். படிக்க முடியுமா? படித்தால் வேலை கிடைக்குமா?" இதுதான் அவர் எழுதியது. ஆனால் நான்கு முறை வாசித்த பிறகு, அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த ஆசைக்கு நான் தண்ணீர் ஊற்றி வளர்த்து, நாளைக்கு அது கருகினால் என் பிள்ளை தாங்குவாளா என்பதுதான் அது. மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இருபது வருடத்துக்கு மேல் ரேடியோ வானியலில் இருக்கிறேன். ஊட்டியில் தொடங்கி, பிறகு புனே பக்கம் போனேன். பல்சார் எனப்படும் சுழலும் நட்சத்திரங்களின் தரவுகளை ஆராய்வதுதான் என் வேலை. கடந்த சில வருடங்களாகப் பார்வையற்ற மாணவர்களுக்குத் தரவு ஆய்வு கற்றுக்கொடுக்கிறேன். நான் பார்வை உள்ளவன், மருத்துவன் இல்லை, வேலைவாய்ப்பு அதிகாரியும் இல்லை. அந்த இரண்டு துறைகளையும் பற்றி நான் சொல்வதை அந்தந்தத் துறைக்காரர்களிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வானியல் ஆய்வுக்குக் கண் அவசியம் என்ற எண்ணம் தவறு. ஊட்டியில் மலைச்சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடம் என்று ஒன்று கிடையாது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை ஆன்டெனாவில் மிகச்சிறிய மின்னழுத்தமாகிறது, அது எண்ணாகிறது, எண்கள் ஒரு கோப்பில் சேர்கின்றன. நான் இத்தனை வருடம் ஆராய்ந்த பல்சார்களில் ஒன்றைக்கூட என் கண்ணால் கண்டதில்லை. எக்ஸ்ரே, காமா கதிர், ஈர்ப்பலை எல்லாமே அப்படித்தான். மனிதக் கண்ணுக்கு எட்டுவது ஒளி அலைகளில் ஒரு மெல்லிய கீற்று மட்டும். அதற்கு வெளியே நானும் உங்கள் மகளும் ஒரே இருட்டில்தான் இருக்கிறோம். இருவர் கையிலும் இருப்பது அந்த எண்கள்தான். நான் அவற்றை வரைபடமாக்கித் திரையில் பார்க்கிறேன். அது எனக்குப் பழகிய வசதி, அவ்வளவே.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை என்பதற்குச் சாட்சியாக ஒருவரைச் சொல்கிறேன். கென்ட் கல்லர்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அவரும் குறைமாதக் குழந்தை. இன்குபேட்டரில் கொடுத்த அதிக ஆக்சிஜனால் பார்வை போனவர். உங்கள் மகளுக்கு நேர்ந்தது ஏறத்தாழ அதேதான். சின்ன வயதில் அப்பா ஒரு வானியல் புத்தகத்தை வாசித்துக் காட்டினார், ஆசை அங்கே பிடித்துக்கொண்டது. பெர்க்லியில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடும் திட்டத்தில், முதலில் நாசாவிலும் அடுத்து அந்தத் தேடலுக்கென்றே உள்ள செட்டி (SETI) நிறுவனத்திலும் வேலை செய்தார். இரைச்சலுக்குள் மறைந்திருக்கும் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் கணினி முறைகளை உருவாக்குவதுதான் அவர் பொறுப்பு. அந்தக் கூட்டத்தில் அது ஓரத்து வேலை அல்ல, மைய வேலை.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும். கேள்வியில் "நாங்கள் அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இதே விழித்திரைப் பாதிப்பால் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணம் என்னவென்று மருத்துவர்களுக்கே தெரியாது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1954இல் ஆக்சிஜன் அளவைச் சுட்டிக்காட்டியது. அப்புறம் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது குழந்தைகள் இறந்தார்கள். இன்றைக்கும் அது கத்திமேல் நடப்பது மாதிரியான சமநிலைதான். உங்கள் குழந்தைக்குக் கொடுத்த ஆக்சிஜன் அவள் உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்தது. உங்களை நீங்கள் குற்றம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இதை வாசிக்கும் மற்ற பெற்றோருக்கு: 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிட முடிகிறது. குழந்தை பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வானத்துக்குத் திரும்புவோம். கல்லர்ஸ் முதல் ஆளும் இல்லை. அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தின் இயக்குநராக 1905இலிருந்து 1932 வரை இருந்தவர் எட்வின் ஃபிராஸ்ட். 1915இல் ஒரு கண் போனது, அடுத்த சில வருடங்களில் மற்றதும் போனது. உலகின் மிகப்பெரிய லென்ஸ் தொலைநோக்கி இருந்த இடத்தை அவர் பத்து வருடத்துக்கு மேல் பார்வையில்லாமல் நடத்தினார். 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியைத் திறந்துவைத்த விதம் அவருடைய யோசனைதான். சுவாதி நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்தடைய 40 வருடம் ஆகும் என்று அன்றைக்குக் கணக்கிட்டிருந்தார்கள் (இன்றைய கணக்கு சுமார் 37). அதற்கு முந்தைய சிகாகோ கண்காட்சி நடந்தது 1893இல். அன்று புறப்பட்ட ஒளி இப்போது வந்து சேர்கிறது, அதைக்கொண்டே விளக்குகளை எரியவிடலாம் என்றார். தொலைநோக்கியில் விழுந்த சுவாதியின் ஒளியை ஒளிமின்கலம் மின்சாரமாக்கியது, அந்த மின்சாரம் கண்காட்சி விளக்குகளுக்கான சுவிட்சைத் தட்டியது. ஒளியை மின்சாரமாக்கிவிட்டால் அதன் பிறகு அது எந்தப் புலனுக்கும் சொந்தமில்லை. இந்த யோசனை ஒரு பார்வையற்றவரிடமிருந்து வந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்றைக்கு நீங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் வாண்டா டியாஸ் மெர்செட். புவெர்ட்டோ ரிக்கோவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது நீரிழிவால் பார்வையை இழந்தவர். கரும்பலகையும் வரைபடமும் கைவிட்டுப் போனபின், நாசாவின் காடர்டு மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, தரவை ஒலியாக மாற்றும் மென்பொருளில் வேலை செய்தார். ஒளி கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும், அடிப்படை அவ்வளவுதான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பார்வை உள்ள வானியலாளர்களையே உட்கார வைத்துச் சோதித்தார். இரைச்சலில் புதைந்த சமிக்ஞையை வரைபடத்தில் மட்டும் தேடுவதைவிட, ஒலியையும் சேர்த்துக் கேட்டால் அவர்கள் நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று காட்டினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் வானாய்வகத்தில் பணியாற்றினார்.

காது கேளாதவர்கள் வானியலில் செய்ததையும் அவளுக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர், அல்கால் நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குவதைக் கணக்கிட்டு, 1783இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கினார். வயது 19. அடுத்த வருடம் டெல்டா செஃபியின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். 21 வயதில் இறந்துவிட்டார். அதே வகை நட்சத்திரங்களின் துடிப்புக் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் உள்ள உறவை 1912இல் வெளியிட்டவர் ஹார்வர்டில் இருந்த ஹென்ரியெட்டா லெவிட். அவருக்கும் காது சரியாகக் கேட்காது. அந்த உறவை அளவுகோலாக வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று ஹப்பிள் காட்டினார். நம் பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்ற கணக்கின் அடிக்கல்லை இந்த இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. விண்மீன்களின் "ஒலி" என்று நிறைய காணொளிகள் சுற்றுகின்றன. பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தில் உள்ள கருந்துளையைச் சுற்றிய வாயுவில் பரவும் அழுத்த அலைகளை 57 ஆக்டேவ் (ஸ்தாயி) உயர்த்தி நாசா 2022இல் வெளியிட்டது. கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பொதுமக்களுக்காகச் செய்தவை. காது மட்டும் போதும், ஒலியை வைத்தே ஆராய்ச்சி செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலி உதவும் இடங்கள் உண்டு. வாயேஜர் 2 விண்கலம் 1981இல் சனியின் வளையத் தளத்தைக் கடந்தபோது, வரைபடத்தில் வெறும் இரைச்சலாகத் தெரிந்த தரவை ஒலியாக்கிக் கேட்டார்கள். இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல் கேட்டது. தூசித் துகள்கள் கலத்தில் மோதுகின்றன என்று புரிந்தது. பல்சார்களுக்கும் காது நன்றாகவே உதவும். நொடிக்கு 642 முறை சுழலும் பல்சார் ஒன்று உண்டு, அதை ஒலியாக்கினால் தெளிவான ஒரு ஸ்வரம் கேட்கும். இருந்தாலும் ஒலியாக்கும் முறைகளில் முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை குறைவு. எந்த வகைத் தரவுக்கு எந்த ஒலி பொருந்தும் என்பதில் இன்னும் பொது உடன்பாடு வரவில்லை. இரு பரிமாணப் படங்களை, அதாவது ஒரு நெபுலாவின் புகைப்படம் மாதிரியானவற்றை, ஒலியாகக் கேட்டு ஆராய்வது இப்போதைக்குக் கடினம். உங்கள் மகள் துறைக்குள் வரும்போது காலத்தோடு மாறும் தரவுகள், சமிக்ஞை ஆய்வு, கணக்கீடு, கோட்பாடு ஆகிய பக்கங்கள் அவளுக்கு எளிதாக இருக்கும் என்பது என் கருத்து.

என்னிடம் ஒரு கோடைகாலம் பயிற்சிக்கு வந்த பையனைப் பற்றிச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன், பி.எஸ்சி. கணிதம். இயற்பியல்தான் கேட்டிருக்கிறான், செய்முறை வகுப்பில் சமாளிக்க மாட்டாய் என்று ஒரு கல்லூரியில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் என் நிரல்களை என்னைவிட வேகமாக வாசித்தான். திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பேசும் வேகம் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவனுக்கு அது சாதாரணம். ஒருநாள் ஒரு பல்சார் தரவை ஒலியாக்கிக் கொடுத்தேன். "சார், அடியில டிரான்ஸ்பார்மர் மாதிரி ஒரு ரீங்காரம் இருக்கு, நடுவுல கொஞ்ச நேரம் நின்னு திரும்ப வருது" என்றான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரக் குறுக்கீடு எங்களுக்குத் தெரிந்ததுதான், வழக்கமாக வடிகட்டுவோம். அது இடையில் நின்று வந்தது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்ப்பது முழு நேரத்துக்குமான சராசரி. அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நானும் தரவை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

அவன் திணறியது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். வானியல் அவனைத் திணறடிக்கவில்லை. நான் கொடுத்த பாடக்குறிப்புகள்தான் திணறடித்தன. எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், ஒரு எழுத்தும் வாசிக்காது. சமன்பாடுகளை உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்வதிலேயே பயிற்சிக் காலத்தில் பாதி போனது. அது முழுக்க என் தவறு, முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டியது நட்சத்திரத்தைப் பற்றி அல்ல, பதினொன்றாம் வகுப்பில் அவள் எந்தக் குரூப் எடுக்கிறாள் என்பதைப் பற்றி. பார்வையற்ற பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு கணிதத்திலிருந்து இறக்கி, வரலாறு, தமிழ் இலக்கியம் என்று திருப்பிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவை நல்ல படிப்புகள்தான், அவளே விரும்பினால் எடுக்கட்டும். வேறு வழியில்லை என்று யாரோ சொன்னதற்காக எடுக்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் இல்லை என்றால் வானியலின் கதவு அங்கேயே மூடிவிடும், பிறகு திறப்பது மிகக் கஷ்டம். பள்ளியில் தயங்கினால் போய்ப் பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கணிதத்தை எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். டெய்லர் சட்டத்தில் (துளைகளில் கட்டைகளைச் செருகிக் கணக்குப் போடும் பலகை) எண்கணிதம் போட்டுப் பழகியிருப்பாள், அது மேல்நிலைக் கணிதத்துக்குப் போதாது. கணிதக் குறிகளை எழுதுவதற்கான நெமெத் பிரெயில் முறையைக் கற்றுக்கொள்ளட்டும். 1952இல் அதை உருவாக்கிய ஏப்ரகாம் நெமெத் தாமே பார்வையற்ற கணிதப் பேராசிரியர். அதோடு லாடெக் என்ற எழுத்துமுறையும் வேண்டும். விஞ்ஞானிகள் எல்லோரும் சமன்பாடுகளை அதில்தான் எழுதுகிறோம். பின்னம், வர்க்கமூலம் எல்லாமே வரிசையாக எழுத்தில் வந்துவிடுவதால் காதால் வாசிக்க முடியும். 14 வயதில் பார்வை இழந்து, புனேவிலும் ஐஐடி பம்பாயிலும் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன டி.வி. ராமன், லாடெக்கில் எழுதிய கணிதத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருளைத்தான் 1994இல் முனைவர் ஆய்வாகச் செய்தார். அதற்குத் தன் வழிகாட்டி நாயின் பெயரை வைத்தார். கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்கள் உருவாக்கியது, பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதியது. அதே பைத்தானில்தான் நாங்கள் வானியல் தரவை ஆராய்கிறோம். இந்த விடுமுறையிலேயே அவள் தொடங்கிவிடலாம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும், அரசு வேலையில் 4 சதவீத இடமும் ஒதுக்க வேண்டும். அந்த 4இல் 1 பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. இவை சலுகை அல்ல, உரிமை. 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நியாயமான வசதிகளைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

சட்டம் தெளிவு, நடைமுறை அப்படி இல்லை. ஆராய்ச்சி நிறுவனங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் அலுவலகப் பணிகளில் நிரம்பும் அளவுக்கு விஞ்ஞானி பணிகளில் நிரம்புவதை நான் பார்க்கவில்லை. பார்வை உள்ள என் மாணவர்களிலேயே முனைவர் பட்டம் வாங்கி நிரந்தர வானியல் வேலைக்குப் போனவர்கள் குறைவு. உங்கள் மகள் வானியலாளராகவே ஓய்வு பெறுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்த வழியில் அவள் கற்றுக்கொள்வது நிரல் எழுதுவது, புள்ளியியல், சமிக்ஞை ஆய்வு. எங்கள் துறையை விட்டுப் போனவர்கள் அந்தத் திறமையோடு வங்கிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் மருத்துவத் தரவுப் பணிகளிலும் இருக்கிறார்கள். வேலைக்கான வழிகாட்டலைக் கடைசி வருடம் வரை தள்ளிப்போடாதீர்கள். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூவிருந்தவல்லியில் இருக்கிறது. அவளுடைய தேசிய அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் அதை முடித்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆசை கருகினால் தாங்குவாளா என்ற கேள்விக்கு ஒரு தகப்பனாக மட்டும்தான் பதில் சொல்ல முடியும். முயன்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கேட்ட பாடத்தைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவன் என்னிடம் வந்தபோது, அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் குரல் மாறிவிடும். எனக்கு இரண்டாவதுதான் அதிக வலி என்று படுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். ஊருக்கு வெளியே, எஃப்எம் நிலையங்கள் அதிகம் கேட்காத இடம் என்றால் நல்லது. ஒரு எஃப்எம் ரேடியோவை, உங்கள் ஊரில் எந்த நிலையமும் கேட்காத ஓர் அலைவரிசையில் வைத்து மகளிடம் கொடுங்கள். எரிகல் ஒன்று காற்றில் எரியும்போது விட்டுப்போகும் மின்னூட்டத் தடம், பல நூறு கிலோமீட்டர் தள்ளி அதே அலைவரிசையில் ஒலிபரப்பாகும் நிலையத்தின் அலையை ஒரு கணம் திருப்பி அனுப்பும். இரைச்சலுக்கு நடுவே சட்டென்று ஒரு பேச்சுத் துண்டோ பாட்டுத் துண்டோ வந்து மறையும். முதல் நாள் ஒன்றும் கேட்காமலும் போகலாம், அலைவரிசையை மாற்றிப் பாருங்கள். நீங்கள் வானத்தைப் பார்த்து எண்ணுங்கள், அவள் காதில் வைத்து எண்ணட்டும். நேரத்தை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாது, கண்ணுக்குத் தெரியாத மங்கலான எரிகற்களும் ரேடியோவில் கேட்கும். அவளுடைய பட்டியலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.